எல்லோரும் கேட்ட ஸ்வரம்

ஜூன் 4

அன்புத் தம்பி பீப்பீக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் பொய் சொல்லாமல் எழுது.

இத்துடன் எங்கள் ஜாஸ் பத்திரிகை 'பின்தாளம்' புது இதழ் வருகிறது. விமர்சனப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் முகத்தைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார். உங்கள் கிளப் குழு போட்ட இசைத்தட்டைப் பற்றி 'கடைசி வரிசை' என்ற புனைபெயர்க்காரர் எழுதியிருக்கிறார். அது யார் என்பது உனக்கும் எனக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். வாசகர்கள் யாரோ பெரிய மீசைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதே என்று பயந்தேன். அதனால் அலுவலக வழக்கப்படி உறையைக் கழற்றி, யார் வாசித்தது என்று சொல்லாமல், தட்டை மட்டும் ஆசிரியர் மேசையில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இரண்டாம் பக்கத்தில் ஒரு உச்ச ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று நிற்கிறாயே, அங்கே துடைப்பது நின்றுவிட்டது.

"யாரும்மா இது? மூச்சு விட மறந்துட்டானா?" என்றார்.

"என் தம்பி சார்."

"யாரா இருந்தா என்ன, எழுது."

எழுதிவிட்டேன். 'அந்த டிரம்பெட் ஸ்வரம் முடியும்வரை கேட்பவரும் மூச்சுவிட முடியாது. இதற்காகவே ஒருவர் ரயில் ஏறிப் போகலாம்' என்று முடித்திருக்கிறேன். கொஞ்சம் ஜாஸ்திதான். போகட்டும், மை உலர்ந்துவிட்டது.

போன வருஷம்வரை இதழ்க் கட்டுகளில் பாதி பிரிக்காமலே திரும்பி வரும். இப்போது கடைக்காரர்கள் இன்னொரு கட்டு கேட்கிறார்கள். ஜாஸ் என்றால் என்ன விலை என்று கேட்ட ஊரில் இப்போது மூன்று கிளப். அப்பாவை ஒரு நாள் அலுவலகத்துக்கு அழைத்து வந்து உன் தட்டைப் போட்டுக் காட்டினேன். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்த மனுஷர், சுவரில் காது வைத்தே எங்கே குழாய் ஒழுகுகிறது என்று சொல்லுவாரே, அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். "ஊசிச் சத்தம்தான் பெருசா இருக்கு. நேர்ல கேக்கணும்" என்றார். நீ வீட்டில் பழகும்போது 'குழாயில காத்து அடைச்ச மாதிரி இருக்கு' என்று உன்னை விரட்டியவர் வாயில் இந்த வார்த்தை வந்ததே பெரிது.

பதில் போடு. அக்கா.


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், சத்தியமாக. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? நீ எழுதவே இல்லை.

அக்கா, நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று உனக்கே தெரியாது. எங்கள் கிளப் படகுத்துறைக்கு எதிரே இருப்பதால் மழைக்கு ஒதுங்குகிறவர்களும், படகை விட்டவர்களும்தான் எங்கள் ரசிகர்கள். படகுச் சங்கு ஊதினால் பாதிப் பாட்டில் எழுந்து ஓடிவிடுவார்கள். போன சனிக்கிழமை சங்கு ஊதியும் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கையில் பின்தாளத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி உன் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார். பியானோக்காரம்மா அதைத் தினம் ஒருமுறை நின்று படித்துவிட்டு, "என்னைப் பத்தி ஒரு வரி இருக்கு, அதுவும் பாதி வரி" என்று பெருமூச்சு விடுகிறாள்.

ஒரு உண்மை சொல்கிறேன், சிரிக்காதே. அந்த ஸ்வரம் அவ்வளவு நீளம் இருக்க வேண்டியதே இல்லை. நான் சட்டென்று விட்டுவிட வேண்டும், அடுத்து பாஸ் வாத்தியம் தனியாக வர வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நம் தச்சருக்குத் தந்தி அறுந்தது. (பகலில் மேசை நாற்காலி செய்கிறவர், சாயங்காலம் ஆளுயர பாஸைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்.) மறுபடி பதிவு செய்ய ஸ்டுடியோவில் நேரம் கிடையாது. பியானோக்காரம்மா கண்ணாலேயே 'விடாதே, விடாதே' என்கிறாள். தச்சர் மிச்சத் தந்திகளில் தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் பூச்சி பறந்தது.

வேடிக்கையாக இருக்கும், இதை அடுத்த இதழில் போடேன்.

அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல். அவர் கேட்டால் மட்டும்.

தம்பி.


ஜூலை 8

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு வீடே சிரித்தது. வீடு என்றால் நான்தான். அப்பாவுக்கு இருமல் அப்படியேதான், குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

தந்தி அறுந்த கதையை நான் போட மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஆசிரியரிடம் சொன்னேன், அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம், "வேண்டாம்மா. இப்பதான் நம்மள நம்ப ஆரம்பிச்சிருக்காங்க" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. கடைசி வரிசை ஒரு விபத்தைக் கேட்டு மயங்கிவிட்டார் என்று தெரிந்தால் அவருடைய மீசை என்ன ஆவது?

அதற்குப் பதில் இன்னொரு வேலை தருகிறேன். எங்களுக்கு உன் ஊரிலிருந்து மாதாமாதம் ஒரு சேதி வேண்டும். யார் எங்கே வாசிக்கிறார்கள், புதிதாக யார் வந்திருக்கிறார்கள், எது நன்றாக இருந்தது, எது சகிக்கவில்லை, இவ்வளவுதான். பெயர் போட மாட்டோம். உன்னைப் பற்றி நீயே எழுதிக்கொள்ளக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. ஒரு சின்ன ஊரில் ஒரு சாக்ஸபோன்காரர் தனியாக இருந்து பைத்தியம் பிடிக்கும்போது, பக்கத்து ஊரில் இன்னொருவர் இருக்கிறார் என்று எங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். போன மாதம் அப்படி இரண்டு பேர் சந்தித்து ஒரு குழுவே ஆரம்பித்துவிட்டார்கள்.

நீ எழுதுவாய் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். இனி மாட்டேன் என்றால் என் மானம் போகும்.

அக்கா.


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஊர்ச் சேதி தனியாக மடித்து வைத்திருக்கிறேன். வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்.

கூட்டம் குறையவில்லை. அந்த ஸ்வரத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை வாசிக்கிறேன். முதலாளி அதையே கடைசி உருப்படியாக வைத்து, அதற்கு முன்னால் விளக்கை வேறு குறைக்கிறார். ஒரு நாள் வேண்டுமென்றே சின்னதாக விட்டுப் பார்த்தேன். ஒருவர் எழுந்து மேடைவரை வந்துவிட்டார். இதழைப் பிரித்து விரலை வைத்துக் காட்டுகிறார்: "இங்க எழுதியிருக்கே தம்பி. நாங்க இதுக்காகத்தானே ரயில் ஏறி வந்தோம்." மறுபடி வாசித்தேன்.

மேலுதடு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சரியாகிவிடும், பயப்படாதே. பியானோக்காரம்மாதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறாள். "ஒரு வாரம் லீவு போடேன்டா, உலகம் முழுகிப் போயிடாது" என்கிறாள். வெளியூரிலிருந்து டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? உன் பத்திரிகையை நம்பி வருகிறார்கள்.

அப்பா டாக்டரிடம் போனாரா?

தம்பி.


அக்டோபர் 1

அன்புத் தம்பிக்கு,

உதட்டைப் பார்த்துக்கொள். வெண்ணெய் தடவு. உனக்கு எதுவும் தானாகச் சரியாகாது என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் முள் குத்தியதை ஒரு வாரம் மறைத்து வைத்தவன் நீ.

உன் ஊர்ச் சேதி பிரமாதம். ஆசிரியர் ஒரு வரிகூட வெட்டவில்லை. என்னுடையதை எத்தனை வெட்டுகிறார் தெரியுமா?

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்த இதழில் வாசகர் வாக்கெடுப்பு அறிவிக்கிறோம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தங்களுக்குப் பிடித்தவர் பெயரை எழுதித் தபால் அட்டை போட வேண்டும். ஜெயிக்கிறவர்கள் எல்லோரும் மார்ச் மாதம் இங்கே நகர மன்றத்தில் ஒரே மேடையில் வாசிப்பார்கள். ஜாஸுக்கு அந்த மன்றத்தைக் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். நுரையீரல் சரியில்லையாம். குளிர்காலம் தாண்டட்டும், பார்க்கலாம் என்கிறார். வெளியே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மார்ச்சுல அவன் வருவானா?" "ஜெயிச்சா வருவான்பா" என்றேன். "ஜெயிப்பான். அந்தத் தட்டுல நல்லா இழுத்தான்ல" என்றார். புதுச் சட்டைக்குத் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு வேறு ஆசையே இல்லையடா. உன்னை ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும்.

அதனால் ஜெயித்து வை.

அக்கா.


நவம்பர் 20

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறாயா? ஊர்ச் சேதி இரண்டு மாதமும் டாணென்று வந்துவிட்டது, அதனால் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஆசிரியருக்கு எழுத நேரம் இருக்கிறது, கூடப் பிறந்தவளுக்கு எழுத நேரம் இல்லை. புகழ் வந்தால் இப்படித்தான் போலிருக்கிறது.

சும்மா சொன்னேன். அட்டைகள் வந்து குவிகின்றன. டிரம்பெட்டுக்கு உன் பக்கத்தில் யாரும் இல்லை. கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் எழுதியிருக்கிறார்கள். 'அந்த ஸ்வரத்துக்காக' என்று ஓரத்தில் குறித்து அனுப்பியவர்களே நிறையப் பேர். அப்பாவிடம் தினம் ஒரு கட்டைக் காட்டுகிறேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கிறார். இருமல் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்கிறார்.

உதடு எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா.


டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. அப்பாவுக்குக் கம்பளி போர்வை ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், காரணம் கேட்காமல் செய்வாயா? வாக்கெடுப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. பியானோவுக்கு எங்கள் பியானோக்காரம்மாவைக் கூப்பிடுங்கள், அவளுக்கு வர வேண்டியது எப்போதோ வந்திருக்க வேண்டும். டிரம்பெட்டுக்கு இங்கேயே ஒரு பெண் இருக்கிறாள். பகலில் சுங்க அலுவலகத்தில் வேலை, அதனால் குழுவில் எல்லோரும் அவளைச் 'சுங்கம்' என்றே கூப்பிடுகிறோம். இப்போதெல்லாம் அவ்வப்போது அவளும் வாசிக்கிறாள். நல்ல காது, பயம் கிடையாது. அவளைப் பற்றி இந்த மாதச் சேதியில் எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பெரிய மன்றமெல்லாம் ஒத்துவராது அக்கா. இங்கேயே பழகிவிட்டது.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல். சட்டை வீணாகாது, வேறு எதற்காவது போட்டுக்கொள்ளட்டும்.

தம்பி.


ஜனவரி 3

தம்பிக்கு,

போர்வை வந்தது. அப்பா போர்த்திக்கொண்டிருக்கிறார். மற்றபடி எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கே பதில் போட்டிருந்தால் தாள் எரிந்திருக்கும். அதனால் ஆறப் போட்டேன். ஆறவில்லை.

பெரிய மன்றம் ஒத்துவராதாம்! யாரடா இதைக் கேட்டு நம்புவார்கள்? உனக்கு அப்பாமேல் இன்னும் கோபம், அவ்வளவுதான். அன்றைக்கு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாயே, இன்னும் ஏறி வரவில்லை. அந்த மனுஷர் மாறி, உன் பெயர் எழுதிய அட்டைகளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ ஒரு போர்வையை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுகிறாய். இவ்வளவு கல்நெஞ்சம் உனக்கு எங்கிருந்து வந்தது?

ஊரெல்லாம் ஓட்டுப் போட்டிருக்கிறது. அதை மாற்ற நான் யார்? முடிவு அச்சுக்குப் போய்விட்டது. டிரம்பெட்டுக்கு நீதான். பியானோவுக்கு உங்கள் பியானோக்காரம்மாவும் ஜெயித்திருக்கிறாள், அவளிடம் சொல். மார்ச் மாதம் வந்து சேர்.

அக்கா.


ஜனவரி 11

தம்பி,

முந்தைய கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு முன்னால் இது கிடைத்தால் நன்றாக இருக்கும். கிடைக்காது என்று தெரியும்.

இன்றைக்கு உன் ஊர்ச் சேதிக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுங்கத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒரு இடம். 'கதவோரத்து மேசையில் உட்கார்ந்தால் பியானோவின் இடது கை சரியாகக் கேட்பதில்லை. சமையலறைக் கதவு திறக்கும்போது டிரம்பெட் சுவரில் பட்டு இன்னொரு தடவை வருகிறது' என்று எழுதியிருந்தாய். நல்ல வரி என்று ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதினவன் மேடைல இல்லம்மா. எத்தனை மாசமா இல்ல?" என்று கேட்டார்.

பழைய சேதிகளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அக்டோபரிலிருந்து எல்லாமே மேசையில் உட்கார்ந்து எழுதியது. ஒரு எழுத்து இடம் மாறினாலும் என் கண்ணில் படும் என்று பீற்றிக்கொள்கிறவள், உன் கையெழுத்தில் மாதாமாதம் வந்ததைப் பார்க்கவில்லை.

என்ன ஆச்சுடா? சொல்லு.

அக்கா.


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. இரண்டாவதை முதலில் பிரித்ததால் பிழைத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உதடு மட்டும்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். முடியவில்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு கூட்டம் ரயிலில் வந்தது. நல்ல ஜனங்கள்தான். அந்த ஸ்வரத்தை வாசித்து முடித்துவிட்டேன், அவர்களுக்குப் போதவில்லை. சுருட்டிய இதழால் மேசையைத் தட்டி, தாளம் போட்டு, மறுபடி கேட்டார்கள். தச்சர் பின்னாலிருந்து "போதும், இறங்கு" என்றார். நான்தான் இன்னொரு தடவை எடுத்தேன். பாதியில் மேலுதட்டுக்குள் நூல் அறுந்த மாதிரி ஏதோ விட்டது. ரத்தம்கூட அதிகம் இல்லை. டாக்டர் தசை கிழிந்துவிட்டது என்றார். "பேசலாம், சாப்பிடலாம், சிரிக்கலாம், எதுவும் தெரியாது. ஊத முடியாது" என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். நவம்பரில் ஒரு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முயற்சி செய்தேன். காற்று மட்டும் வந்தது. அப்பா சொன்ன மாதிரியே, குழாயில் காற்று அடைத்த மாதிரி இருந்தது.

முதலாளி என்னை விடவில்லை. வருகிறவர்களை உட்கார வைப்பது இப்போது என் வேலை. நீங்கள் யார் படமும் போடாததால் என்னை யாருக்கும் தெரியாது. ரயில் ஏறி வருகிறவர்கள் என்னிடமே, "இன்னைக்கு அவர் வருவாரா?" என்று கேட்கிறார்கள். "இன்னைக்கு லீவு சார்" என்று சொல்லிக் கதவோரத்து மேசைக்கு அழைத்துப் போகிறேன்.

உன்மேல் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. அக்டோபர் முழுக்க இருந்தது, அதனால்தான் எழுதவில்லை. நீ அந்தப் பத்தியை எழுதியிருக்காவிட்டால் எனக்கு உதடு இருந்திருக்கும். எழுதியிருக்காவிட்டால் என்னை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எதற்காகக் கோபப்படுவது என்றே தெரியாமல் போய், ஒரு நாள் கோபம் தானாக நின்றுவிட்டது. எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு உதவி செய். இப்போது சுங்கத்திடம் அதைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். சின்னப் பெண், மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. போன வாரம் அவள் உதட்டைத் தடவிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன். ஏதாவது எழுது அக்கா. எழுதித் தொலை. மன்றத்தில் என் இடத்தில் அவளையே கூப்பிடுங்கள்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் உன் தலையில் போடுகிறேன்.

தம்பி.


மார்ச் 18

என் தம்பிக்கு,

பீப்பீ என்று எழுத வந்து கை நின்றுவிட்டது. நீ நன்றாக இருக்க வேண்டும். வேறு என்ன எழுதித் தொடங்குவது?

இதழ் பார்த்திருப்பாய். தந்தி அறுந்த கதையை முழுக்கப் போட்டேன். அந்த ஸ்வரம் ஒரு விபத்து, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு வாசிப்பவரை முடித்துவிட்டோம், முதலில் கேட்க வைத்தது நான், இனி யாரிடமும் கேட்காதீர்கள் என்று எழுதினேன். கீழே என் சொந்தப் பெயரைப் போட்டேன். வசவுக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஏமாற்றிவிட்டோமாம். உன் பெயருக்கு அட்டை போட்டதைத் திருப்பித் தரச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசிரியர் எல்லாவற்றையும் படித்து ஒரு கோப்பில் போட்டு வைக்கிறார். அன்றைக்கே போட்டிருக்கலாம். நீ வேடிக்கையாகப் போடச் சொன்னாயே, அன்றைக்கே.

அப்பாவிடம் கச்சேரி அன்று காலையில்தான் சொன்னேன். அதுவரை வாய் வரவில்லை. புதுச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டார். "வலிச்சுதாமா அவனுக்கு?" என்றார். தெரியாது என்றேன். எழுந்து போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "டிக்கெட் இருக்குல்ல? வா" என்றார்.

மன்றம் நிறைந்திருந்தது. பியானோக்காரம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சுங்கம் நன்றாக வாசித்தாள். அந்த இடம் வந்தபோது பின்னாலிருந்து நாலைந்து பேர் இதழைச் சுருட்டித் தட்டினார்கள். அவள் அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சின்னதாக விட்டுவிட்டாள், பாஸ் உள்ளே வந்தது. நீ சொல்லிக் கொடுத்திருப்பாய். மற்றவர்கள் பேசாமல் கேட்டார்கள். அப்பா ஒருமுறைகூட இருமவில்லை. எப்படி அடக்கினாரோ.

நடந்து வரும்போது கேட்டார்: "அவன் ஊதியிருந்தா இப்படித்தான் இருந்திருக்குமா?"

"இல்லப்பா, வேற மாதிரி."

"வேற மாதிரின்னா எப்படி?"

எனக்குப் பதில் தெரியவில்லை தம்பி. நீ வீட்டை விட்டுப் போகும்போது ஸ்வரம் பழகிக்கொண்டிருந்தாய். அப்புறம் ஒரு தட்டு. உன்னை நான் நேரில் கேட்டதே இல்லை. நாட்டில் இருக்கிறவனையெல்லாம் ரயில் ஏறிப் போகச் சொன்னேன், நான் ஒரு தடவை ஏறவில்லை. இதழ் முடியட்டும், அடுத்த இதழ் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அப்பா அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் காத்திருக்கிறார், எனக்குத் தெரிகிறது. டாக்டர் இனி மாடிப்படி ஏற வேண்டாம் என்றிருக்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

அக்கா.


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் சுற்றினேன். கீழே இருப்பது அப்பாவுக்கு. அப்படியே படித்துக் காட்டு. எதையும் திருத்தாதே.

அப்பா,

அந்தப் பெண் நன்றாக வாசிக்கிறாள். நான் அவளைவிட நன்றாக வாசிப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அக்காவின் நிபந்தனை வேறு. ஆறு மாதமாகக் கதவோரத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

உயரத்தில் ஊதுவதைச் சொல்லவில்லை. அது பழகினால் யாருக்கும் வரும். கீழ் ஸ்வரங்களில், மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்று ஊதுவது எனக்கு நன்றாக வரும். ஜனங்கள் வந்து அடைவதற்கு முன்னால் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். தட்டில் அது கிடையாது. யாரும் அதைப் பற்றி எழுதவும் இல்லை. ஒரு பாட்டு மட்டும் நீங்கள் என்றைக்காவது வந்தால் வாசிக்கலாம் என்று தனியாக வைத்திருந்தேன். மன்றத்தில் அதைத்தான் எடுத்திருப்பேன். எல்லோரும் மேசையைத் தட்டினாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். உங்களுக்குப் பிடித்திருக்கும் அப்பா.

வலித்தது. இப்போது வலிக்கவில்லை.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். வாத்தியத்தைக் கொண்டு வரவில்லை, துணிப்பெட்டி மட்டும்தான். நீங்கள் படியிறங்கி வர வேண்டாம், நான் மேலே வருகிறேன்.

உங்கள் மகன்.